மனோகரன் பங்கு

ராயபுரம்,
2-5-1954

என் செல்ல நைனா மனோகரனுக்கு,

அம்மா சுகம். உன் சுகத்தைக் கேட்க எனக்கு வழி இல்லை. படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன்காரிகளுக்கு நீ சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் இதை எழுதுகிறேன். தப்பு வந்தால் திட்டாதே.

துறைமுகத்தில் மூட்டை சரிந்து நீ போய் முப்பத்தொன்பது நாள். மீன்கூடையை மறுபடி எடுத்துவிட்டேன். கால் தன்பாட்டுக்கு நடக்கிறது.

உன் கட்சிச் சேதி சொல்கிறேன். கோட்டையில் முதல் நாற்காலி கைமாறப் போகிறது என்றதும் நம் வட்டக் கமிட்டி இரண்டாய்ப் பிளந்தது. கிடங்குக் காண்டிராக்டர் எத்திராஜ் பழையவரே இருக்கட்டும் என்றார். கிரேன் ஓட்டும் தாமோதரன் புதியவர் வரட்டும் என்றான். யாருக்கு ஆதரவு என்று மேலே தந்தி அடிக்க வேண்டும். பக்கத்துக்கு ஆறு கை. எந்தப் பக்கம் ஜெயிக்கவும் வேண்டிய ஏழாவது கை, செயலாளரான உன்னுடையது.

இருவரும் தனித்தனியே வீட்டுக்கு வந்தார்கள். "உன் புள்ள என் பக்கம்னு சொல்லிக்கினு இருந்தான். ஒரு வரி எழுதிக் குடும்மா, படிப்பகத்துக்குப் புது ஓடு போட்டுத் தரேன்" என்றார் எத்திராஜ். "அவன் என் தோஸ்து அத்தை, அவன் மனசு எனக்குத் தெரியாதா இன்னா" என்று தாமோதரன் அழுதான். கடைசியில் இரண்டு பக்கத்து ஆதரவுப் பட்டியலிலும் உன் பேர். செத்த பிறகு நீ இரண்டு ஆளாகிவிட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் ஆகுமுன் வாசல் தாண்டாதே என்று குப்பத்தில் தடுத்தார்கள். கேட்கவில்லை. கமிட்டிக் கூட்டத்தின் நடுவில் போய் நின்றேன். "நம்ம குப்பத்துல கடலுக்குப் போனவன் செத்தா, அந்த வருசம் முழுக்க அவன் பங்கு அவன் வூட்டுக்குத்தான். என் புள்ள பங்கு இங்க கீது" என்று கையைத் தூக்கினேன்.

இது கட்சிம்மா, கட்டுமரம் இல்லை என்று எத்திராஜ் சிரித்தார். சட்டத்தில் இடமில்லை என்றான் தாமோதரன். அன்றைக்குத்தான் இருவரும் ஒரே பேச்சு. "பெத்தவளுக்கே பங்கு இல்லன்னா உங்களுக்கு மட்டும் எங்கேந்து வந்துச்சு? அடிங்க அவன் பேரை" என்றேன். எழுத்தர் சுப்புராயன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டிலும் உன் பேரை அடித்தார். பேனா என் வயிற்றின்மேல் ஓடியது. ஆனால் நான் அழவில்லை.

ஆறுக்கு ஆறு. தந்தி போகவில்லை. நம் தந்தி இல்லாமலே கோட்டையில் ஆள் மாறிவிட்டது.

படிப்பகச் சாவி? ஒருவர் கையில் போக மற்றவர் விடவில்லை. அதனால் என் இடுப்பிலேயே கிடக்கிறது. ஞாயிறு வகுப்பு நிற்கவில்லை. பலகையில் நான்தான் எழுதிப் போடுகிறேன். பவுனம்மாள் தன் பேரை முழுசாய் எழுதிவிட்டாள். ஓடு நாங்களே மாற்றிக்கொள்வோம்.

ஒன்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உன் மனசு எனக்காவது தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீ போன அன்று காலை கஞ்சி குடிக்கும்போது, கமிட்டி விசயம் ஒன்று சொல்லட்டுமா என்றாய். மீன் ஏலத்துக்கு நேரமாச்சு, வந்து சொல்லு என்று கூடையோடு ஓடினேன்.

எங்கே இருந்தாலும் வயிறு நிறைந்து இரு, என் சாமி.

உன் அம்மா,
கோவிந்தம்மா

நைனா, அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய்?