சம்பந்தி எண்ணிய சுற்றுகள்

சம்பந்தி,

இன்று காலை ஷேர் ஆட்டோவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் முழங்காலில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். உங்கள் மேல் எனக்கிருந்த சந்தேகமும் கூடவே வந்தது.

பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டபோது, தினமும் நடக்கச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், இனி யாருக்காக நடப்பது என்று படுத்துவிட்டேன். உங்கள் மருமகள், என் மகள், வந்து என்னுடன் தங்கியிருந்தாள். பத்தாம் நாள் நீங்கள் திருநின்றவூரில் ரயிலேறி, கள்ளிக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். மறுநாளும் வந்தீர்கள், அதற்கு மறுநாளும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஆறு வருடத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர எட்டிப் பார்க்காத மனிதருக்கு என் மேல் திடீரென்று என்ன பாசம்? ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் உதிரிபாகங்களைச் சோதித்தவன் நான். குறை தேடாமல் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

காலில் தைலம் தேய்த்துவிட்டு, தோளைத் தாங்கி, தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போவீர்கள். "உங்களுக்காக தினம் பதினோரு சுத்து வேண்டிகினு கீறேன் சம்பந்தி" என்றீர்கள். நீங்கள் எண்ணுவீர்கள், நான் சுற்றுவேன். உங்களை நம்பாமல் சட்டைப்பையில் புளியங்கொட்டை வைத்து நானும் எண்ணினேன். என் கணக்கில் பன்னிரண்டு ஆனபோது நீங்கள் "ஒம்போது" என்றீர்கள்.

"கணக்கு இடிக்குதே சம்பந்தி."

"புள்ளையாருக்கு கணக்கு தெரியும். உங்க காலுக்குத் தெரியாது. நடங்க."

சாமி கணக்கிலேயே கை வைக்கிறவர் வேறு எதில்தான் கை வைக்க மாட்டார்? ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கோயில் படியில் வைத்துக் கேட்டே விட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க. நான் படுத்த படுக்கையா உங்க வீட்டுக்கு வந்துடுவேன்னு பயம். அதானே?"

நீங்கள் மழுப்புவீர்கள் என்று காத்திருந்தேன்.

"ஆமா, பயந்தான்" என்றீர்கள். "என் ஊட்டுக்காரி நாலு வருஷம் படுத்தே கெடந்து போனா. வலிக்குதுன்னு அழுவா, நானும் பாவம்னு நடக்க வெக்காம உட்டுட்டேன். இன்னொருத்தர அப்டிப் பாக்க என்னால ஆவாது."

என் சந்தேகம் சரிதான். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக, சந்தேகப்பட்டதற்காக வெட்கப்பட்டேன். உங்கள் எதிரிலேயே அழுதேன். நீங்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினீர்கள்.

யாராவது வலிய வந்து உதவினால் இன்றும் காரணம் தேடுகிறேன். அந்தக் குணம் என்னை விட்டுப் போகாது. பயத்திலும் ஒருவர் இத்தனை நல்லது செய்வார் என்பது மட்டும் உங்களால் தெரிந்தது.

போன மாதம் உங்களைத் தூக்கியபோது மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். "மாமா, சுடுகாடு தூரம், நீங்க ஆட்டோல வந்துடுங்க" என்றார்.

நான் ஏறவில்லை. இடது காலை இழுத்து இழுத்து, உங்கள் பின்னால் கடைசி வரை நடந்தேன்.