உன் முகம் போட்ட அட்டைப்பெட்டி

என் செல்லச் சரசக்காவுக்கு,

நீ இப்போது கடைகளில் தொங்குகிறாய். கேட்கவே அசிங்கமாக இருக்கிறதா? எனக்கும்தான். சுகருக்குப் பொடி விற்கிறானே உன் கொழுந்தன், அவன் அந்தப் பெட்டியின் அட்டையில் உன் முகத்தைப் போட்டுவிட்டான். திருத்தங்கல் அச்சகத்தில் அடித்த வழவழப்பான அட்டை. உன் கன்னத்துக்கு ரோஸ் கலர்கூடக் கொடுத்திருக்கிறான். படத்துக்குக் கீழே, 'பூரண குணம் அடைந்தவர்'. ஆமாம், அடைந்தாய். சுடுகாட்டில்.

வேலை முடிந்து நேராக டாக்டரம்மாவிடம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? "மருந்து ஒழுங்கா எடுக்குறீங்களா?" என்று அவர் கேட்டார். "எடுக்காம? விடிஞ்சதுல இருந்து பொழுது சாயுற வரைக்கும் மருந்துலதான கெடக்கேன்" என்றாய். வெடி ஆபீஸில் நாம் பட்டாசுக் குழாய்க்குள் அடைக்கிற மருந்தைச் சொல்கிறாய் என்று புரிந்ததும் சிரித்தார். காலையில் கொடுத்த ரத்தத்தின் சீட்டைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"சுகர் இப்ப பரவாயில்ல. ஆனா சிஆர்பின்னு ஒண்ணு பாத்தோம், அது ரொம்பக் கூடியிருக்கு. உடம்புல எங்கயோ அழற்சி இருக்கு. காலக் காட்டுங்க."

உன் பாதம் அலுமினியப் பவுடர் ஏறி வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னியது. வெடிமருந்து அறைக்குள் செருப்புப் போடக் கூடாதே. அவர் பஞ்சை நனைத்துத் துடைத்தார். பெருவிரலுக்கு அடியில் ஒரு குழி, உள்ளே சீழ்.

"நோவவே இல்லையே!" என்றாய்.

"சுகர்ல கால் மரத்துப்போச்சும்மா. அதான் தெரியல. இன்னைக்கே மதுரைக்குப் போங்க."

வீட்டுக்கு வந்ததும் உன் கொழுந்தன் சீட்டைப் பிடுங்கினான். "சுகர் எறங்கிருச்சு பாத்தீகளா மதினி! எல்லாம் எம் பொடி!" நீ விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையெல்லாம் கடலைமிட்டாய் போலிருக்கிறது. "அப்ப இந்த அழற்சி?" என்று நான் கேட்டேன். "அது சூடு. வெடி ஆபீஸ்ல கெடந்து வேகுற பொம்பள ஒடம்பு குளுகுளுன்னா இருக்கும்? மாத்திரைய நிறுத்துங்க மதினி. பொடிய ரெண்டு வேளையாக்கி, எளநி குடிங்க."

சூடாம்! இளநீரை ஊற்றினால் அணைகிற சூடு. ரத்தம் கத்திச் சொன்னதை இந்த மேதை ஒரே சொல்லில் மூடிவிட்டான். அத்தான் தம்பி பேச்சைத் தட்டமாட்டார். தீபாவளி ஆர்டர் வேறு நெருக்கியது. நான் கத்தினேன். நீ, "வாய மூடுடி பாக்கியம், அவரு நல்லதுக்குத்தான் சொல்லுதாரு" என்றாய்.

குளிர்காய்ச்சல் கண்டு, கால் கறுத்த பிறகுதான் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் முழுக்க விஷம் என்றார்கள். அவன் அடித்து ஒட்டிய அஞ்சலி போஸ்டரில் 'இயற்கை எய்தினார்' என்று இருந்தது. எந்த இயற்கை, அக்கா?

அதையும் பொறுத்தேன். போன வாரம் சாப்பாட்டு நேரத்தில், என் பக்கத்தில் திரி வெட்டுகிற முத்துலட்சுமி பையிலிருந்து உன்னை எடுத்தாள். "ஒங்கக்கா படம் போட்டிருக்குல்ல, அந்த நம்பிக்கையில வாங்குனேன்க்கா. சுகர் மாத்திரைய நிப்பாட்டிட்டேன்." படத்தில் இருப்பது என் அக்கா என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்; நீ செத்தது இவளுக்குத் தெரியாது. இந்தச் சீசனுக்குத்தான் தாயில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்திருக்கிறாள்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

"செத்துப்போன பொம்பளையப் போட்டுப் பூரண குணம்னு அடிச்சிருக்கீகளே, கூச்சமா இல்ல?"

"ஏ பாக்கியம், மதினி செத்தது கால்ல. எம் பொடி சுகருக்கு. ரெண்டையும் போட்டுக் கொளப்பாத."

"அப்ப அதையும் அட்டையில போடுங்க. களுத்துக்கு மேலதான் குணமாகும்னு. படமும் அம்புட்டுதான போட்டிருக்கீக?"

அவன் பெண்டாட்டி உள்ளே களுக்கென்று சிரித்துவிட்டாள். அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். "லோடு கெளம்பிருச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனான். நாம் அடைக்கிற மருந்தாவது, திரியில் நெருப்பு வைத்தால் சொன்னபடி வெடிக்கும். அவன் மருந்துக்கு அந்த யோக்கியதைகூட இல்லை.

மறுநாள் குழாயடியில் முத்துலட்சுமியை உட்காரவைத்து உன் கதையைச் சொன்னேன். அவள் பாதத்தை மடியில் தூக்கிவைத்துப் பவுடரைத் தேய்த்துக் கழுவினேன். "ஏ விடுக்கா, கூசுது!" என்று உதறினாள். கூசட்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் காலும் இப்படி ஒரு தரம் கூசியிருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். என் ரத்தத்தையும் கொடுக்கப்போகிறேன்.

அக்கா, அந்த அட்டையை எவள் கையில் கண்டாலும், அதில் இல்லாத உன் காலைப் பற்றிச் சொல்லுவேன். அவன் காதில் விழுகிற மாதிரியே சொல்லுவேன். 'வாய மூடுடி' என்று நீ சொன்னதை மட்டும் இனிக் கேட்கமாட்டேன்.

வாயை மூடாத உன் தங்கச்சி,
பாக்கியம்