பேர் சொல்லிக் கேட்ட வீடு

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றைக்கும் ரவுண்ட்ஸ். விடிவதற்கு முன்பே மேட்ரன் எங்கள் அறைக் கதவைத் தட்டாமல் திறந்து, ஜன்னலையும் விரியத் திறந்து, போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார். போர்வைக்குள் இரண்டு பேர் இருந்தோம் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா?

மேட்ரன் என்றால் என் மாமியார். வாயில் வருவது ‘அத்தை’, மனசுக்குள் மேட்ரன். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியாக இருந்து ரிடையர் ஆனவர். வேலைதான் ரிடையர் ஆனது, அதிகாரம் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. எங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. “வீட்டுக்குள்ள எதுக்குத் தாழ்ப்பாள், யார் திருட வரப்போறா?” என்று கேட்டே ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டார். உப்பு டப்பா அவர் சொன்ன இடத்தில். துண்டு அவர் சொன்ன மடிப்பில்.

இவரிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், சொன்னால் “அம்மா அப்படித்தான், விடு” என்பார். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்த லிஃப்ட் நடுவில் நின்றாலும் ஓடிப்போய் ஆளை வெளியே எடுப்பார். வீட்டில் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவில் தானே மாட்டிக்கொண்டு முழிப்பார்.

நேற்று சொல்லிவிட்டேன். இந்த வருஷத்துக்குள்ள தனி வீடு அமையலேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போய்டுவேன், அப்புறம் வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லல. அவரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பாஸ்டர் இன்றைக்குப் பிரசங்கத்தில் வெளுத்துவாங்கிவிட்டார். “ஓட்டலுக்குப் போனா, ‘உங்க இஷ்டம், எதையாவது கொண்டாங்க’ன்னா சொல்றீங்க? என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்றீங்கல்ல? ஆண்டவர்கிட்ட மட்டும் ஏன் இந்த இழுவை? பேர் சொல்லிக் கேளுங்க! தைரியமாக் கேளுங்க! அவர் என்ன, கடிச்சா தின்னுடுவார்?”

சபையே சிரித்தது. மேட்ரன் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் இரண்டு தலையும் ஒரே சமயத்தில் ஆடியது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 9, திங்கள்

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்ப ஜெபம் உண்டு. பாய் விரித்து, ஒவ்வொருவரும் வாய்விட்டு ஜெபிக்கணும். மேட்ரன் ஜெபம் என்றால் வார்டு ரிப்போர்ட்தான். “ஆண்டவரே, நேரத்துக்கு எழுந்திருக்கிற நல்ல புத்தியை எல்லாருக்கும் தாரும். முக்கியமா, கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போறவங்களுக்குத் தாரும்.” இந்த வீட்டிலிருந்து கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவது நான் ஒருத்திதான்.

வழக்கமாக நான் இரண்டு வரி நன்றி சொல்லி முடித்துக்கொள்வேன். இன்றைக்குப் பாஸ்டர் கொடுத்த தைரியம். “ஆண்டவரே, எங்களுக்குத் தனியா வீடு வேணும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும். பெருசா எதுவும் கேக்கல. இவருக்கு ஒரு சின்ன வீடு அமைச்சுக் கொடும்!”

இவருக்குப் புரையேறிவிட்டது. அப்போதுதான் என் புருஷனுக்காக நான் என்ன கேட்டு வைத்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. “சின்னதா ஒரு வீடு, ஆண்டவரே. சின்னதா!” என்று அவசரமாகத் திருத்தினேன். இவர் இருமலுக்கு நடுவே ஆமென் சொன்னார். எதற்குச் சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்றைக்கு மேட்ரன் உப்பு டப்பாவை வைக்கிற சத்தம் அதிகம்.

பிப்ரவரி 14, சனி

வீடு பார்த்தாச்சு! சர்ச்சுக்குப் பின்தெரு, பச்சை கேட்டு. ஒரு ஹால், ஒரு அறை, தீப்பெட்டி அளவு சமையலறை. படியேற வேண்டாம். கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். அதை இழுத்தேன், தள்ளினேன், மறுபடி இழுத்தேன். வீட்டுத் தரகர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “இன்னொருத்தரும் கேட்டிருக்காங்கம்மா, சீக்கிரம் சொல்லுங்க” என்றார். எல்லாத் தரகரும் சொல்கிற பாட்டுதானே.

ராத்திரி ஜெபத்தில் விலாசத்தோடு கேட்டேன். மேட்ரன் முறை வந்தது. “ஆண்டவரே, அந்தப் பச்சை கேட்டு வீடு இவங்களுக்கு வேண்டாம். அந்தக் கதவை இவங்களுக்கு அடைச்சுப்போடும்.”

எப்படி இருக்கு கதை! என்னை வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாது, போகவும் விடமுடியாது, அப்படித்தானே? இவர் என் ஜெபத்துக்கும் ஆமென் சொன்னார், அம்மா ஜெபத்துக்கும் ஆமென் சொன்னார். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் என்னதான் செய்ய!

பிப்ரவரி 17, செவ்வாய்

“தடையா நிக்கிற கல்லையெல்லாம் புரட்டிப்போடும், ஆண்டவரே” என்று ஜெபித்துக்கொண்டே, கல் எப்படி இருக்கிறது என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். கல்லும் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் டக்கென்று மூடிக்கொண்டோம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைப் பிடித்தேன். நான் ஆரம்பிப்பதற்குள், “உங்க அத்தையும் வந்துட்டுப் போனாங்க” என்றார்.

“என்ன சொன்னாங்க?”

“அதை நான் சொல்லக் கூடாதும்மா.”

“சரி. ஆண்டவர் யார் பக்கம்? அதையாவது சொல்லுங்க.”

மனுஷன் கையிலிருந்த டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். துடைத்துக்கொண்டே சொன்னார்: “தைரியமாக் கேளுங்கன்னு நான் சொன்னது ஆண்டவர்கிட்ட. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல முட்டி போட்டிருக்கறவங்க காதுல விழத்தானே கேக்கறீங்க? அத்தைகிட்ட சொல்லவேண்டியதை அத்தைகிட்டயே சொல்லுங்க. அவங்களும் உங்ககிட்ட பேசணும்னுதான் நினைக்கறாங்க. அதுக்கும் விசுவாசம் வேணும்மா.”

எனக்குச் சுருக்கென்றது. “உங்களுக்கென்ன பாஸ்டர், சொல்லிடுவீங்க. உங்ககூட மாமியார் இருக்காங்களா?”

“இருக்காங்க” என்று சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அதனாலதானே இந்தப் பிரசங்கமே வந்துச்சு.”

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்றைக்குச் சொல்லிடணும்.

— சொல்லல. தொண்டை வரைக்கும் வந்துச்சு. “அத்தை, டீ ஆறுது”ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மேட்ரன் கட்டில்மேல் துண்டு மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே கொட்டினேன். “அத்தை, உங்களைப் பிடிக்காமப் போகணும்னு இல்ல. எனக்கு மூச்சு முட்டுது. ஒரு கதவைச் சாத்திக்கிட்டு அரைமணி நேரம் இருக்க முடியல. உங்க பிள்ளையை விட்டுட்டே போயிடலாமான்னு நினைக்கிற அளவுக்கு வந்துட்டேன். அந்த வீடு ஒண்ணுதான் கேட்டேன். அது ஏன் எங்களுக்கு வேண்டாம்னு ஜெபிக்கறீங்க? என்மேல அவ்வளவு வன்மமா?”

மேட்ரன் துண்டைக் கீழே வைத்தார். “அந்த வீட்டை நான் கேட்டிருக்கேன்.”

“எதுக்கு?”

“எதுக்குக் கேப்பாங்க? குடியிருக்கத்தான்.”

தரகர் சொன்ன அந்த ‘இன்னொருத்தர்’ இவர்தானாம்! நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

“உனக்கு மட்டும்தான் மூச்சு முட்டுமா?” என்றார் மேட்ரன். “விடிஞ்சா உன் மிக்ஸி சத்தம். குளிக்கப் போனா உன் தலைமுடி. ஆறு வருஷத்துல ஒரு நாளாவது அலமாரிக் கதவைச் சாத்தியிருக்கியா நீ? எனக்கும் தனியா இருக்கணும்னு ஆசை இருக்காதா? அந்த வீட்டுக்குப் பக்கத்துலதான் என்கூட வேலை பார்த்த நர்ஸ் இருக்கா. பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு.”

“அப்போ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே அத்தை!”

“என்னன்னு சொல்ல? பிள்ளை அம்மாவைத் துரத்திட்டான்னு நாலு பேர் பேசமாட்டாங்களா?” அவர் குரல் உடைந்தது. நான் அதுவரை கேட்டதில்லை. “எத்தனையோ பேர் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு அவங்களுக்காக ஜெபிச்சிருக்கேன். எனக்குன்னு ஒண்ணு கேட்டுப் பழக்கமில்லம்மா. பாஸ்டர் சொன்ன பிறகுதான் கேக்கத் துணிஞ்சேன். அதுவும் பாதிதான் கேட்டேன். உங்களுக்கு வேண்டாம்னு சொல்ல வந்த நாக்கு, எனக்கு வேணும்னு சொல்ல எழும்பல.”

ஒரு துண்டை எடுத்து மடித்தேன். தப்பான மடிப்பு. அவர் அதைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், யார் முதலில் சிரித்தோம் என்று தெரியாது. வேலையிலிருந்து வந்த இவர், நாங்கள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பாவம், பயந்துபோயிட்டார்.

ராத்திரி ஜெபத்தில் மேட்ரன் ரிப்போர்ட் எதுவும் படிக்கவில்லை. “அந்த வீடு எனக்கு வேணும், ஆண்டவரே” என்றார். அவ்வளவுதான். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, “சீக்கிரமாக் கொடும், ஆண்டவரே, ரொம்ப சீக்கிரமா” என்று சேர்த்துக்கொண்டேன். முழங்கையால் ஒரு இடி கிடைத்தது.

மார்ச் 7, சனி

அத்தை குடிபோனார். சாமான் இறக்கும்போதே சபைப் பெண்கள் இரண்டு பேர் வந்து, “ஐயோ, மருமக அனுப்பிட்டாளா?” என்று உச்சுக்கொட்டினார்கள். அத்தை கேட்டில் நின்று, பழைய வார்டு குரலில் ஒரு போடு போட்டார்: “யாரும் அனுப்பல. நான்தான் இவங்களை விட்டுட்டு வந்துட்டேன். வழியை விடுங்க, பீரோ வருது.”

சாயந்தரம் தச்சர் வந்து எங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 8, ஞாயிறு

ஜன்னலைத் திறக்க யாரும் வரவில்லை. சர்ச்சுக்குத் தாமதம். மற்றதை எழுதப்போவதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அத்தை சர்ச்சுக்கு வரவில்லை.

சர்ச்சில் மணியடிக்கிற கோயிற்பிள்ளை கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்கிற ஆள். முதல் பாட்டு முடிந்தது, காணோம். பிரசங்கம் ஆரம்பித்தது, காணோம். எழுந்து, நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்து, பின்தெருவுக்கு ஓடினேன். கதவைத் தட்டினேன். “அத்தை!” பதில் இல்லை. தள்ளிப் பார்த்தேன், உள்ளே தாழ். போன் போட்டேன். உள்ளே மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை.

ஐயோ, தனியா ஒரு வீட்டுக்குள்ள, தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, உள்ள என்ன ஆச்சோ, எப்ப ஆச்சோ... எல்லாம் நான் கேட்டதாலதானே? கதவில் தலையை வைத்துக்கொண்டு கத்தினேன். “ஆண்டவரே, வேண்டாம்! எனக்குக் கதவும் வேண்டாம் தாழ்ப்பாளும் வேண்டாம். அவங்க எங்க வீட்டுக்கே வந்துடட்டும். தினம் வந்து போர்வையை இழுக்கட்டும். நீர் இப்பவே அவங்களை எழுப்பிவிடும். இப்பவே! நான் இங்கேருந்து போகமாட்டேன்!”

உள்ளே ஏதோ உருண்டது. தாழ்ப்பாள் இழுபட்டது. கதவு திறந்தது.

அத்தை. முடி ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. கன்னத்தில் தலையணை மடிப்பு.

“என்னடி இது, தெருவே கூடற மாதிரி!”

“சர்ச்... சர்ச் ஆரம்பிச்சாச்சு, அத்தை.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். “தூங்கிட்டேன்” என்றார், கொலை செய்துவிட்டு வந்த மாதிரி. அப்புறம் மெதுவாக முகம் மலர்ந்தது. “எவ்வளவு நல்ல தூக்கம் தெரியுமா? வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து இப்படி ஒரு தூக்கம் தூங்கினதில்ல.”

நான் வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

“எதுக்குடி அழற?”

“அழல. ஓடி வந்ததுல மூச்சு வாங்குது.”

“மூச்சு வாங்கினா கண்ணுல எதுக்குத் தண்ணி வருது? நர்ஸ்கிட்டயே கதை விடாதே.” உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தார், வலிக்கிற மாதிரி. “தூங்கினதைச் சபையில யார்கிட்டயும் மூச்சுவிடாதே.”

திரும்பிப் போவதற்குள் ஆராதனை முடிந்துவிட்டது. பாஸ்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “என்னம்மா, பாதியில ஓடினீங்க. அத்தையையும் காணோம். உடம்பு சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லா இருக்கு பாஸ்டர். வீட்டுல ஜெபம் நடந்துக்கிட்டிருந்தது, அதான்” என்றேன்.

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். யார் ஜெபம் செய்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.