ரோசம்மாவுக்கு விட்ட இடம்

நேற்று மாலை அச்சகத்திலிருந்து செல்வி போனில் உறுதி செய்த தகவல்: உன் பாட்டுப் புத்தகத்தின் பதினேழாம் பக்கம் மறுபடியும் குலைந்துவிட்டது. இசைக்குறிகளையும் பாட்டு வரிகளையும் கணினியில் ஏற்றுபவள் அவள். போன் வந்தபோது உன் கையெழுத்துப் பிரதி என் மேசையில் விரிந்து கிடந்தது. நீல மையில் ஐந்தைந்து கோடுகள், மேலே குறிகள், கீழே வரிகள், வரிகளுக்கு நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடங்கள்.

அந்த வெற்றிடங்களைப் பற்றித்தான் உன்னோடு சண்டை.

முப்பது வருடம் பத்திரிகையில் செய்தி சேகரித்து, அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பும் பார்த்த கை என்னுடையது. கூடுதல் இடைவெளி கண்டால் பேனா தானாகப் போய் சொற்களை ஒட்டிவிடும். கீரமங்கலம் மாதா கோயில் பாடகர் குழுவுக்கு நீ எழுதிய அத்தனை பாட்டிலும் அதைத்தான் செய்தேன். மென்பொருளுக்கும் அதுவே பிடித்திருந்தது. ஒவ்வொரு அசையையும் அதனதன் குறிக்குக் கீழே நிறுத்தி, வரியைச் சீராக இழுத்துக் கட்டியது. பக்கம் அழகாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு ஒத்திகையில் அந்த அழகு இரண்டாம் வரியைத் தாண்டவில்லை. பூப்பறித்துவிட்டு நேராக வந்திருந்த ரோசம்மா, உன் குழுவின் முதல் குரல், பாதியில் இருமி நின்றுவிட்டார். நீ போன பிறகு அவருக்கு இளைப்பு கூடியிருக்கிறது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணன் நான் மூச்சு விட எடம் விட்டு எழுதிருக்கும். இதுல எங்கிட்டுமே எடமில்லையே. ஒங்க பொஸ்தகத்த நீங்களே பாடிக்கங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஏன்யா சொல்லவில்லை? டீக்கடையில் ஒருமுறை கேட்டேன், இதென்ன கோழி தத்தி நடந்த மாதிரி எழுத்து என்று. "அது காலியா இருக்கட்டும்ப்பா, நீ நெரப்பாத" என்று சொல்லிவிட்டு வடையைப் பிட்டாய். ஊரையெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் உன்னிடம் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. இந்தக் கோபத்தில் பாதி என்மேல். மீதியை நீ வைத்துக்கொள்.

செல்வியிடம் திரும்பப் போனேன். "நீங்கதான சார் ஒட்டச் சொன்னீங்க? இப்பப் பிரிக்கணுங்கிறீங்க. காலி எடம்னாலே தப்புன்னு நெனைக்கிது இந்த சாஃப்ட்வேர், ஒங்கள மாதிரியே" என்றாள். ஓர் இடத்தில் விலக்கினால் கடைசி வார்த்தை அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது. எழுத்தைச் சிறிதாக்கினால் ரோசம்மாவுக்குக் கண் தெரியாது. பதினாறு பக்கங்கள் எப்படியோ வழிக்கு வந்துவிட்டன. அவர் தனியாகப் பாடும் பக்கம் மட்டும் அடங்கவில்லை.

இப்போதெல்லாம் எதைப் படித்தாலும், இடைவெளி கண்ட இடத்தில் பேனாவை நிறுத்தி ஒரு மூச்சு விட்டுப் பார்க்கிறேன். உன்னிடமிருந்து தாமதமாக வாங்கியது அது.

பதினேழாம் பக்கம் வியாழன் மாலை வரும் என்று செல்வி சொல்லியிருக்கிறாள். உன் வருட நினைவுப் பூசை ஞாயிறு. ரோசம்மா பாடுவாரா என்பது இன்னும் உறுதியாகவில்லை. தாளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம்.