அந்தப் படத்துக்கு அம்மா சொன்ன அபிப்பிராயம்

கொக்கட்டிச்சோலை,
புதன்கிழமை.

அன்பு மகள் பிரஷாந்திக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகன் ஜசிந்தனும் அங்கே தோஹாவில் நல்ல சுகமாக இருக்கத் தான்தோன்றீஸ்வரர் துணை நிற்பார். மருமகனுக்கு அவருடைய மாதாவும் துணை நிற்பா. இங்கே நானும் அப்பாவும் சுகம்.

இது போனிலும் சொல்லக்கூடிய விஷயம்தான். சொன்னால் நீ பாதியில் அழத் தொடங்குவாய், நானும் அழுவேன், முக்கியமான இடத்தில் லைன் போய்விடும். ஆனால் இது அழுகிற விஷயம் இல்லை, புள்ள. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். ஏறாவூர் றிஸ்வி தம்பி லீவு முடிந்து அங்கே திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். காய்ந்த கூனி இறாலும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். கூனியைப் பக்கத்து அறைக்காரருக்கு மணக்காமல் வறு.

வெள்ளாமை வெட்டு முடிந்துவிட்டது. கடைசியில் பெய்த மழைக்குக் கீழ்வட்டை வயலில் கொஞ்சம் கதிர் சாய்ந்தது. மற்றப்படி மோசமில்லை. வேலை ஓய்ந்ததும் அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கஜானி ரீச்சர் வந்து கூப்பிட்டா. உனக்குப் பத்தாம் வகுப்பில் தமிழ் படிப்பித்தவ. இப்போது டவுனில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறா. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் பழைய படம் ஒன்றைப் போட்டு, முடிந்ததும் பார்த்த ஆட்களிடம் மைக்கைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பார்களாம். இந்த முறை அப்பாவின் படம் என்றா.

அப்பாவின் படம் எது என்று உனக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம். மலைநாட்டு ஹோட்டல் ஒன்றில் தங்கியிருக்கிற ஒரு முதலாளியின் முத்துமாலை களவு போகும். எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு பெடியனை எல்லாரும் கள்ளன் என்பார்கள். முதலாளியின் மகள் மட்டும் அவன் பக்கம் நின்று, அவனோடு சேர்ந்து மாலையைத் தேடி ரயிலேறிப் போவாள். பாட்டுப் பாடும்போது அவனுடைய ஒட்டு மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கும். அந்த இன்ஸ்பெக்டர் தப்பான ஆட்களை ஒவ்வொருவராகப் பிடித்து, ஒவ்வொருவரிடமும் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்பார். கடைசியில் மாலை கணக்கப்பிள்ளையின் ஆர்மோனியப் பெட்டிக்குள் இருக்கும். அப்பா இளந்தாரியாக இருந்தபோது இதை எத்தனை தரம் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது. வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது விசிலடிப்பதும் அந்தப் படத்துப் பாட்டுத்தான்.

மோட்டார் சைக்கிளில் போனோம். நம்மட ஊரிலிருந்து ஒரு வான் ஆட்களும் வந்திருந்தார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. சிரித்தோம் புள்ள, வயிறு நோகச் சிரித்தோம். மீசை கழன்ற இடத்தில் அப்பா கதிரையின் கையில் அடித்து அடித்துச் சிரித்தார். நீ போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

படம் முடிந்ததும் மைக் சுற்றி வந்தது. முதலில் நல்லரத்தினம் மாஸ்டர் எழும்பினார். பாட்டு ஏழும் கூடிப்போச்சு, மூன்றை வெட்டியிருந்தால் கள்ளனை நேரத்துக்குப் பிடித்திருக்கலாம் என்றார். காத்தான்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிற ஸகியா என்ற பிள்ளை, படத்தில் துப்புத் துலக்கியது இன்ஸ்பெக்டர் இல்லை, அந்தப் பொம்பிளைப் பிள்ளைதான், ஆனால் கடைசியில் மாலை மரியாதையெல்லாம் அவருக்குத்தானே போகுது என்றா. பெண்கள் பக்கம் நல்ல கைதட்டல். ஓடுகிற ரயிலின் கூரையில் அவள் ஓடியும் சாறிக் கொசுவம் கலையவில்லையே, அது எந்தக் கடைச் சாறி என்று பின்னால் ஒரு அக்கா கேட்டா. மண்டபமே சிரித்தது.

பிறகு அப்பாவிடம் மைக் வந்தது. கமக்காரர் சங்கக் கூட்டத்தில் பேசிப் பழகின குரல் உனக்குத் தெரியும்தானே. படம் அருமை, இப்படி ஒரு படம் இனி வராது என்று தொடங்கினார். அதோடு இருந்திருக்கலாம். பிறகு சொன்னார்: இது படமாக இருக்கிறபடியால் சரி, தகப்பன் சொல்லைக் கேளாமல் சிரிக்கிறவன் பின்னால் போகிற பிள்ளைக்குப் படத்தில்தான் நல்லது நடக்கும், வீட்டில் நடந்தால் அவன் உண்மையாகவே கள்ளனாகத்தான் இருப்பான் என்று.

நம்மட ஊர் ஆட்கள் எல்லாருக்கும் நம்மட வீட்டுக் கதை தெரியும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்து யார் என்று கஜானி ரீச்சர் கேட்டா. நான் எழும்பிவிட்டேன், மகள்.

கோயில் கூட்டத்தில்கூட நான் வாய் திறந்ததில்லை. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தேன். கீச்சென்று ஒரு சத்தம் வேறு. உன் மருமகன் இருந்திருந்தால் இந்த மைக் செட்டைச் சரியாகப் பூட்டியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். பார், அவரை உன் மருமகன் என்று எழுதுகிறேன். சந்தோசத்தில் எனக்கு முறையும் மாறிப்போகுது.

நான் சொன்னது இதுதான். அந்த முதலாளி மாலையைத் தேடி ஊரெல்லாம் கேட்டார். பொலிஸைக் கேட்டார், ஹோட்டல்காரனைக் கேட்டார், களவெடுத்த கணக்கப்பிள்ளையையே கூப்பிட்டு யோசனை கேட்டார். களவு போன நேரம் அந்தப் பெடியன் எங்கே நின்றான் என்று கண்ணால் கண்ட சொந்த மகள் அடுத்த அறைக்குள் இருந்தாள். நீ என்னம்மா கண்டாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் படம் அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும்.

சிரிப்பு மேலே கூரை மட்டும் போனது. நான் விடவில்லை. இன்னொன்றும் சொல்ல வேணும் என்றேன். அந்தப் பெடியன் மேல் அவர்களுக்கு இருந்த ஒரே சாட்சி, அவன் சிரித்தான் என்பது. கணக்கப்பிள்ளை சிரிக்கவே இல்லை, அதனால் அவரிடம் சாவியைக் கொடுத்தார்கள். எங்கட ஊருக்கும் வந்து பந்தலுக்குப் பந்தல் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு சிரித்துத் திரிந்த ஒரு பெடியன் இருந்தான். அவன் யார் வீட்டிலும் எதையும் எடுக்கவில்லை. எங்கட வீட்டுப் பிள்ளையைக்கூட அவன் எடுக்கவில்லை, அவள்தான் அவனைத் தெரிந்தெடுத்தாள் என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியாது. ஸகியா எழும்பி நின்று கைதட்டினா. பிறகு எல்லாரும் எழும்பினார்கள். பாட்டை வெட்டச் சொன்ன நல்லரத்தினம் மாஸ்டர்கூட எழும்பினார். எனக்கு இன்னும் கொஞ்சம் பேசினால் என்ன என்று ஆசை வந்துவிட்டது.

அப்பா எழும்பவில்லை. வெளியே வந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்தார். மண்முனைப் பாலத்தில் ஏறினதும் ஓரமாக நிறுத்தினார். ஏச்சு விழப்போகுது என்று நினைத்தேன். விழுந்தால் விழட்டும் என்றுதான் இருந்தேன். கீழே வாவியில் தோணிக்காரர்கள் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்தபடி, சுலோ, நான் பிள்ளையிட்ட ஒண்டுமே கேக்கல்லையா கா என்றார். இல்லை என்றேன். சாத்திரியாரைக் கேட்டீங்க, சங்கத்து ஆட்களைக் கேட்டீங்க, பெடியன்ட ஊர் தன்னாமுனைக்கு ஆள் விட்டு விசாரித்தீங்க, அவளிட்டக் கேக்கல்ல என்றேன். பிறகு, அந்த இன்ஸ்பெக்டருக்காவது மன்னிப்புக் கேட்கத் தொப்பி இருந்தது என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அடுத்த நாள் காலை புது அரிசி ஒரு மூட்டையும் இரண்டு சட்டி எருமைத் தயிரும் ஓட்டோவில் ஏற்றினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், தன்னாமுனைக்கு, சம்பந்தி வீட்டுக்கு என்று. சம்பந்தி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது, பிரஷாந்தி. நான் அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன் மாமியார் பீற்றிஸ் மச்சாள் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாவாம். அப்பாவைக் கண்டதும் விளக்குமாற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வாங்க என்றாவாம். தேத்தண்ணி கொடுத்திருக்கிறா. என்ன பேசுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்பா படக்கதையைத் தொடங்கியிருக்கிறார். அவவும் அந்தப் படத்தைக் குமரியாக இருந்தபோது பார்த்தவவாம்! அந்தப் பெடியன் முதலாளி மகளைக் கட்டினதே பிழை, ரயிலில் கட்லட் கொடுத்த நர்ஸைத்தான் கட்டியிருக்க வேணும் என்று அவ சொல்ல, இவர் மறுக்க, மத்தியானச் சோறு மட்டும் சண்டை நீண்டிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். வந்ததும் வராததுமாக, உன்ர மச்சாளுக்குப் படம் பார்க்கத் தெரியாது, கஜானி ரீச்சரிட்டப் படத்தை வாங்கிக்கொண்டு மறுகாவும் போகவேணும் என்றார். வருகிற ஞாயிறு நாங்கள் இருவரும் போகிறோம். மச்சாள் நண்டுக்கறி ஆக்குகிறாவாம்.

சந்தையில் என்னைக் கண்டால் இப்போது பெண்கள் நிறுத்தி, அடுத்த மாதப் படத்துக்கு என்ன சொல்லப்போறீங்க என்று கேட்கிறார்கள். நானும் யோசிப்போம் என்று பெரிய ஆள் மாதிரிச் சொல்லிவிட்டு வருகிறேன்.

மகள், அப்பா உன் நம்பரை என்னிடம் கேட்டு வாங்கிவிட்டார். எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார். எடுத்தால் நேராக ஒன்றும் கேட்கமாட்டார். படத்தில்தான் தொடங்குவார். கதை உனக்குத் தெரியும் என்று சொல்லிவிடாதே. முழுக்கச் சொல்ல விடு. மருமகனிடமும் போனைக் கொடு. அவர் சிரிக்கட்டும், பயப்படாமல் சத்தமாகச் சிரிக்கட்டும்.

சித்திரை வருஷத்துக்கு லீவு கிடைக்கும் என்றால் இரண்டு பேரும் வாங்க. போன முறை போல ஒழுங்கை முனையில் ஓட்டோவை நிறுத்தி என்னை மட்டும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகவேண்டாம். நேரே வீட்டுக்கு வாங்க. வாசல் கேற் திறந்திருக்கும்.

என் பிள்ளைகள் இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

உன் அன்பு அம்மா,
இ. சுலோஜனா