கவர்னர் வீட்டு டைனா

எடிசன், நியூ ஜெர்சி
மார்ச் 2001

சிரஞ்சீவி ஸ்ரீநிவாசனுக்கு அம்மா எழுதுகிறேன். கற்பகாம்பாள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அக்கா சாரதாவும் மாப்பிள்ளையும் குழந்தை அதிதியும் சௌக்கியம், மில்பிடாஸில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஓயாத வேண்டுதல். பனி இன்னும் விட்டபாடில்லை, என் முழங்கால் வலியும் அப்படியேதான். மாப்பிள்ளை ஆபீசிலும் ஆட்களைக் குறைக்கிறார்களாம், மன்ஹாட்டன் ரயிலிலிருந்து அவர் இறங்கி வரும் முகத்தை வைத்தே சாரதா விஷயத்தைத் தெரிந்துகொள்கிறாள். போனில் பேசும்போது, உன் டீமில் யார் யாரை வேலையை விட்டு அனுப்புவது என்று நீயே சொல்ல வேண்டியிருக்கிறது என்றாயே, "மேலேருந்து ஆர்டர்மா, என் கையில என்ன இருக்கு" என்றாயே, அப்போது நான் சட்டென்று போனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் இல்லையடா. அதே வார்த்தையை அதற்கு முதல் நாள்தான் வேறோர் இடத்தில் கேட்டிருந்தேன்.

அதிதிக்கு ஸ்கூலில் ப்ராஜெக்ட், இந்த ஸ்டேட்டின் ஆரம்ப கால கவர்னர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று சாரதா எங்களை எலையஸ் ஹார்ட்வெல் என்பவரின் பழைய வீட்டுக்கு அழைத்துப் போனாள். அங்கே சுற்றிக் காட்டிய பெண் சொன்ன கதை இது. கொல்லன் பிள்ளை, இரவல் புத்தகம் படித்தே வக்கீலானவர். பிரிட்டிஷ்காரனோடு நடந்த சண்டையில் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள், சதுப்பு நிலத்தில் ஒளிந்து திரிந்தபோது ஜுரத்தில் மூத்த பிள்ளை அவர் மடியிலேயே போய்விட்டான். அப்படிப்பட்டவர் கவர்னராகி, அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கும் குழந்தைகள் வளர்ந்ததும் விடுதலை என்று சட்டம் கொண்டுவந்தார், சபையில் அவர் பேசியதைக் கேட்டு எதிர்க்கட்சிக்காரர்கள்கூட அழுதார்களாம்.

அவர் வீட்டு அடுப்படியில் டைனா என்று ஒரு கறுப்பு அடிமை. அவள் பெண் ஃபீபி அந்தச் சட்டத்துக்கு நாலு மாதம் முன்னால் பிறந்தவள். டைனா அவர் எதிரில் வந்து நின்று, ஐயா, நீங்களே எழுதின சட்டமாச்சே, என் குழந்தைக்கு மட்டும் கிடையாதா என்று கேட்டிருக்கிறாள். சட்டத்தில் தேதி போட்டிருக்கிறது, என் கையில் என்ன இருக்கிறது என்றாராம் அவர். ஃபீபிக்குப் பத்து வயதானபோது தெற்கேயிருந்து வந்த உறவுக்காரன் ஒருவனுக்கு அவளை விற்றுவிட்டார். அன்று ராத்திரியும் டைனாதான் சமைத்துப் பரிமாறினாள். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து கையும் வாயும் இழுத்துக்கொண்டபோது வருஷக்கணக்காக அவருக்குக் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். சாகும் தறுவாயில், ஃபீபியைக் கூட்டி வாருங்கள் என்று குழறிக் குழறிச் சொன்னாராம், தெற்கே ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், மூன்று கை மாறிப் போயிருந்தாள், தடயமே இல்லை. பீரங்கி முழங்க அவரைப் புதைத்த பிறகு, நீ போகலாம் என்று டைனாவுக்கு விடுதலை கொடுத்தார்கள். கிழவி எங்கே போவாள்? கொல்லைப்புறத்துக் கொட்டகையிலேயே கிடந்து செத்தாளாம். அவளுக்குக் கல்லறைகூடக் கிடையாது. காரில் திரும்பும்போது, ஹி வாஸ் தி கவர்னர், பாட்டி, ஒய் குடின்ட் ஹி, என்று ஆரம்பித்த அதிதி பாதியில் நிறுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உன்னை அந்த மனுஷனோடு சேர்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. நீ வேலையை விட்டு வா என்றும் சொல்லமாட்டேன், உனக்கும் க்ரீன் கார்ட் வரவில்லை, எனக்கு அந்தப் பயம் ராப்பகலாக இருக்கிறது. ஆனால் அந்த லிஸ்டில் இருக்கும் உன் டீம் கந்தசாமியின் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம் என்று நீதானே சொன்னாய். வேலை போனால் விசாவும் போய், அந்த வயிற்றோடு அவள் பிளேன் ஏற வேண்டும். பிரசவம் ஆகும்வரை அவனை விட்டுவையுங்கள் என்று உன் மேலதிகாரியிடம் வாய் திறந்து கேள். முடியாது என்றால் அதை அவர்கள் சொல்லட்டும், அவர்களுக்கு முந்தி நீ சொல்லாதே.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, freeway-யில் நிதானமாக ட்ரைவ் பண்ணு. அம்பாள் உனக்குத் தீர்க்காயுசும் தைரியமும் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே: எவ்வளவு கேட்டும் நடக்காமல் போனால் கந்தசாமிக்கு ஈமெயில் அனுப்பாதே, அவன் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, அவன் பெண்டாட்டி முகத்தையும் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா
அபயாம்பாள்