அப்பா சுற்றிய கைப்பிடி

ப்ராக்
அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான்கு நாளாகப் போனை எடுக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பீர்கள். போன் என்னிடம் இல்லை. ஊக்கமருந்து விசாரணை அதிகாரிகள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சரியாகத்தான் படித்தீர்கள் அப்பா. செப்டம்பரில் கிராட்ஸ் போட்டியில் எடுத்த என் சிறுநீரில், வெளியிலிருந்து உடம்புக்குள் போன ஆண் ஹார்மோன் இருந்ததாம். துளியூண்டுதான். துளி என்பதற்காக யாரும் விடமாட்டார்கள். அது எப்படி வந்தது என்று நான்தான் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் நான்கு வருடம் தடை. இப்போதே ஆடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இருபத்தேழு வயது. நான்கு வருடம் கழித்து முப்பத்தொன்று. டென்னிஸ் உலக வரிசையில் அறுபத்துநான்காவது இடத்துக்கு வருவதற்கே பதினெட்டு வருடம் ஆனது.

அந்த வாரம் முழுக்க என்னோடு இருந்தவர்கள் இரண்டே பேர்: நீங்களும் உடற்பயிற்சியாளர் வோய்டெக்கும். நான் என்ன தின்றேன், என்ன குடித்தேன், ஒன்றுவிடாமல் யோசித்து எழுதுங்கள். வோய்டெக் தினமும் கலந்து கொடுத்த அந்தச் சத்துப் பொடிமேல்தான் என் வக்கீலம்மாவுக்குச் சந்தேகம்.

உங்கள்
ராட்கா


ஓலோமோட்ஸ்
அக்டோபர் 13

என் கண்ணு ராட்காவுக்கு,

உன் கடிதத்தை டிராம் ஓட்டப் போகும் முன் படித்தேன். படித்திருக்கக் கூடாது. நாலாம் எண் வண்டியை ஒரு நிறுத்தத்தில் நிறுத்தாமலே ஓட்டிப் போய்விட்டேன். முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. உள்ளே இருந்த ஒரு கிழவர், "டிரைவரே, என்ன, ஆகாய விமானம்னு நெனப்பா?" என்று கத்தினார்.

நீ கேட்ட பட்டியல்: காலையில் முட்டை, ரொட்டி. மதியம் சோறும் கோழியும். சாயங்காலம் வோய்டெக்கின் பொடி. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த நாற்றப் பாலாடைக்கட்டியை நீ தொடவே இல்லை, ஜன்னலுக்கு வெளியே வைக்கச் சொன்னாய். அதைத் தின்றது நான் ஒருவன்தான். ஓட்டல்காரர்கள் சாக்கடை அடைத்துக்கொண்டதென்று ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். வழக்கம்போல உன் ஆறு மட்டைகளுக்கும் கைப்பிடி நாடா சுற்றிக் கொடுத்தேன். வேறு ஒன்றும் நான் செய்யவில்லை.

வோய்டெக் விஷயத்தில் அவசரப்படாதே. அவன் நல்ல பையன்.

ஒரு சந்தேகம். ஆண் ஹார்மோன் என்றால் ஊசி, மாத்திரைதானே? தோலில் பூசிக்கொள்கிறார்களே, அதெல்லாம் கணக்கில் வராதுதானே? டிப்போவில் ஒரு நண்பர் கேட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. இல்லாவிட்டால் நான் கிளம்பி வந்து சமைத்துப் போடுவேன். என் சமையல் உனக்குத் தெரியும்.

அன்புடன்
அப்பா


ப்ராக்
அக்டோபர் 20

அப்பா,

வோய்டெக்கை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். நேற்று மதியம், பயிற்சிக்கூடத்து வாசலில் வைத்து. "ஆறு வருஷமா உன் முழங்காலைக் கட்டி விட்டவன் நான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ராட்கா" என்றான். பிறகு அவன் காருக்குள் உட்கார்ந்து அழுததை மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் இறங்கிப் போகவில்லை.

பொடியின் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. விசாரணைக்குழுவுக்குப் பதில் கொடுக்க மூன்று வாரம்தான் பாக்கி. பூசுகிற மருந்தும் தோல் வழியாக உள்ளே போகுமாம், வக்கீலம்மா சொன்னார். உங்கள் நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

கிராட்ஸில் எடுத்துப்போன மட்டைப்பை அப்படியே மூலையில் கிடக்கிறது. நான்கை வைத்துத்தான் ஆடினேன். நீங்கள் நாடா சுற்றி உறைக்குள் போட்டுக் கொடுத்த மற்ற இரண்டும் இன்னும் பிரிக்காமலே இருக்கின்றன.

ராட்கா


ஓலோமோட்ஸ்
அக்டோபர் 24

கண்ணு,

அந்த இரண்டு மட்டைகளைத் தொடாதே. உறையைப் பிரிக்காதே. வக்கீலம்மாவிடம் நானே போனில் சொல்லிவிட்டேன், ஆள் வந்து வாங்கிக்கொள்வார்கள். இனி நிதானமாகப் படி.

டிப்போ நண்பர் என்று யாரும் இல்லை. நான்தான்.

போன வருடம் எனக்கு எப்போது பார்த்தாலும் அசதி. டிராமின் கடைசி நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவேன். டிப்போ சிற்றுண்டிச் சாலை யார்மிலாவோடு நான் பழகுவது உனக்குத் தெரியும். பழகுவது என்று சொல்கிறேன், மீதியை நீயே புரிந்துகொள். அதிலும் அசதி. டாக்டரிடம் போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் கிராட்டோக்வில், உங்க உடம்புல ஆண் ஹார்மோன் ரொம்பக் கம்மியா இருக்கு" என்று அறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் குளித்ததும் இரண்டு தோளிலும் தேய்க்க வேண்டும்.

தேய்த்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமாம். அது மருந்தோடு வந்த தாளில் பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போட்டால் கிழவன் மாதிரி இருக்கிறேன் என்று நான் அதைப் படிக்கவே இல்லை. போதாததற்கு, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மருந்தைக் குழாயில் விடுவானேன் என்று கையில் மிச்சம் இருந்ததையும் நன்றாகத் தேய்த்து ஊறவிடுவேன். அந்தக் கையோடுதான் கிராட்ஸில் தினமும் காலையில் உன் நாடாக்களைச் சுற்றினேன். இறுக்கிச் சுற்ற வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளங்கையால் அழுத்துவேன், உனக்குத் தெரியும். நீ இரண்டு மணி நேரம் வியர்வையோடு அதைப் பிடித்து ஆடியிருக்கிறாய்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. பதினொரு நாள். வெட்கம் கண்ணு, வேறு காரணமே இல்லை. இது செய்தித்தாளில் வந்தால் டிப்போவில் எப்படித் தலைகாட்டுவேன் என்று யோசித்தேன். உன் நான்கு வருடத்தை ஒரு தட்டில் வைத்து, என் மீசையை இன்னொரு தட்டில் வைத்தேன். அதற்குள் நீ வோய்டெக்கை அனுப்பிவிட்டாய்.

நேற்று ரயிலேறி பர்னோவுக்குப் போய் வோய்டெக்கை அவன் வீட்டில் பார்த்தேன். கதவைத் திறந்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், "மாமா, நீங்க அந்தக் களிம்ப எங்க தேய்ச்சீங்க?" என்றான். "தோள்லதான்டா!" என்றேன். அப்போதுதான் சிரித்தான். பிறகு காப்பி கொடுத்தான். பிறகு, "அவ வந்து சொல்லணும், நீங்க இல்ல" என்றான்.

டாக்டரின் சீட்டு, மருந்துக்கடை ரசீது, களிம்புக் குழாய் எல்லாவற்றையும் வக்கீலம்மாவுக்குப் பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டேன். எந்த இடத்தில் வந்து சொல்லச் சொன்னாலும் வந்து சொல்கிறேன்.

மன்னிப்பு என்ற சொல்லை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்துவிட்டேன். அது சின்னச் சொல்லாக இருக்கிறது.

அப்பா


ப்ராக்
நவம்பர் 2

அப்பா,

மட்டைகள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டன. வோய்டெக்கின் பொடி சுத்தம் என்று நேற்று தெரிந்தது.

களிம்புக்காக எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பதினொரு நாளுக்காகத்தான். இப்போதைக்கு இதற்குமேல் எழுத வரவில்லை.

ராட்கா


ஓலோமோட்ஸ்
டிசம்பர் 16

என் கண்ணுக்கு,

நீ பதில் எழுத வேண்டாம். நேற்று விசாரணைக்குழு முன்னால் நான் சாட்சி சொன்ன கதையை நீ என் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்களே.

வக்கீலம்மாவின் அலுவலகத்தில், கணினித் திரையில் மூன்று பேர். நடுவில் ஒரு ஆங்கிலேயர், ரொம்ப மரியாதைக்காரர். எனக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கிற ஒரு சின்னப் பெண். அந்த ஆங்கிலேயர், உடம்பில் எந்தப் பகுதியில் பூசினீர்கள் என்று கேட்டார். அந்தப் பெண் காதெல்லாம் சிவந்து, "ஐயா… அவங்க… எங்கன்னு கேக்கறாங்க" என்றாள். தோளைத் தட்டிக் காட்டினேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். பிறகு வக்கீலம்மாவிடம் ஒரு மட்டையைக் கொடுக்கச் சொல்லி, சுற்றிக் காட்டுங்கள் என்றார்கள். சுற்றினேன். ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பிரிக்காத அந்த இரண்டு கைப்பிடியிலும் களிம்பு இருந்தது என்று ஆய்வுக்கூடத்தார் சொன்னபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக என் அசட்டுத்தனம் நிரூபணமானதற்குச் சந்தோஷப்பட்டேன்.

ஏன் பதினொரு நாள் சொல்லவில்லை என்றும் கேட்டார்கள். "வெட்கம்" என்றேன். அதை மொழிபெயர்க்க அந்தப் பெண்ணுக்கு நேரமே ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து யார்மிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம்கூட அதுவரை மறைத்துத்தான் வைத்திருந்தேன். அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவே இல்லை. "போன கோடையிலேயே தெரியும். உங்க அலமாரியை நான்தானே துடைக்கிறேன்?" என்றாள். "ஏன்டி சொல்லல?" என்றேன். "ஒளிச்சு வைக்க அவ்வளவு பாடுபட்டீங்க, பாவமா இருந்துச்சு" என்றாள்.

ராட்கா, இரண்டு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் என் பசி எனக்குத் தெரிகிறது. இனி தீர்ப்பு மட்டும்தான்.

அப்பா


லிஸ்பன் பக்கத்தில் ஓரிடம்
ஜனவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

தீர்ப்பை வக்கீலம்மா உங்களுக்குப் படித்துக் காட்டியிருப்பார். "வீராங்கனையின் மேல் எந்தத் தவறும் இல்லை." அந்த ஒரு வரியை நான் நின்றும் உட்கார்ந்தும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

தீர்ப்பு வந்த மறுநாள் பர்னோவுக்குப் போனேன். வோய்டெக் கதவைத் திறந்து, "உங்க அப்பா மாதிரியே நின்னுக்கிட்டே பேசப்போறியா?" என்றான். நின்றுகொண்டேதான் பேசினேன். அவனிடம் பேசும்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்ல உங்களுக்குப் பதினொரு நாள் ஆனது. தப்பை நம்ப எனக்கு ஒரு மதியம் போதுமாக இருந்தது. உங்கள்மேல் இவ்வளவு நாள் கோபப்பட நான் யார்? வோய்டெக் திரும்ப வேலைக்கு வந்துவிட்டான், பக்கத்து அறையில் குறட்டை விடுகிறான்.

இது சின்னப் போட்டி. தகுதிச் சுற்றிலிருந்து ஆட வேண்டும். காலையில் பெயர் பதியப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன் அப்பா. மேசையில் இருந்த பெண் எதுவும் கேட்டுவிடுவாளோ, பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களோ என்று. பெயரைச் சொன்னேன். அவள் பட்டியலில் தேடி, அட்டையைக் கொடுத்து, "பயிற்சிக்கு ரெண்டாவது ஆடுகளம், பத்து மணி, குடிக்கத் தண்ணி எடுத்துக்கங்க" என்றாள். அவ்வளவுதான்.

முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். யார்மிலாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரோடு நான் இன்னும் ஒழுங்காக உட்கார்ந்து பேசியதே இல்லை. இரண்டு பேருக்கும் ஆடுகளத்தில் என் ஆட்கள் உட்காரும் வரிசையில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள்
ராட்கா